துரோகியின் நிலம்

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இராஜகேசரி என்ற பட்டம் தாங்கிய சோழ அரசனின் 2ஆம் ஆட்சியாண்டில் பொறித்தது. அந்த அரசன் முதலாம் இராஜராஜன் என்பது பெரும்பாலான வரலாற்றறிஞர்களின் முடிவு. அப்படியானால் கல்வெட்டின் காலம் கி.பி. 987ஐ ஒட்டியது. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாருக்கு அரசன் அனுப்பிய ஓலையின் செய்தி அதில் இருக்கிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகாலன், அதாவது இராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன், கொல்லப்பட்ட செய்தியைச் சொல்லி, கொன்றவர்களைக் குறிக்க அந்த ஓலை ஒரு சொல்லை ஆள்கிறது: துரோகிகள்.

சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், இன்னொரு தம்பி பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன், உடன்பிறந்த மலையனூரான் என்று பெயர்கள் வருகின்றன. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு இவை பழகிய பெயர்கள். பெயர்களைவிட என்னை நிறுத்தி வைத்தது அவற்றை அடுத்து வரும் பட்டியல். அவர்களுடைய தம்பிமார், மக்கள், மனைவியர், அவர்களுக்குப் பெண் கொடுத்த மாமன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள், மகள்களை மணந்தவர்கள் ஆகிய அத்தனை பேரின் உடைமையையும் அரசன் எடுத்துக்கொள்கிறான். அந்தப் பணியைக் கவனிக்க இருவர் அமர்த்தப்படுகிறார்கள். அப்படிப் பறிமுதலான நிலத்தில் ஒரு பகுதியைப் பின்னர் ஒருவர் சபையாரிடம் பொன் கொடுத்து வாங்கி, கோயிலில் தண்ணீர் வார்ப்பதற்கும் பிராமணர் உண்பதற்கும் அறமாக வைத்ததையும் அதே கல் சொல்கிறது. நிலத்தின் பழைய உடைமையாளர்களைக் குறிக்கும் இடத்தில் மலையனூரானோடு அவன் மகனும் இருக்கிறான், தாயும் இருக்கிறாள்.

கொலையைச் செய்தவர்கள் சிலர். நிலத்தை இழந்தவர்கள் ஒரு குலம் முழுவதும். ‘துரோகம்’ என்ற சொல்லின் வரலாற்றைத் தேடும்போது இந்தப் பட்டியல்தான் என் முன்னால் நிற்கிறது. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, அதன் தண்டனை எத்தனை பேர்மேல் விழுந்தது என்ற இரண்டு கேள்விகளையும் ஒன்றாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

வடமொழியில் ‘த்ருஹ்’ என்றொரு வேர் உண்டு. தீங்கு நினைத்தல், பகை கொள்ளுதல் என்பது பொருள். ரிக் வேதத்திலேயே அந்த வேர் வருகிறது. அதிலிருந்து பிறந்தது ‘த்ரோஹம்’. இரட்டை மெய்யோடு தமிழில் சொல் தொடங்காது. எனவே இடையில் ஓர் உகரம் புகுந்தது. கடைசியில் இருந்த ஹகரம் ககரமாயிற்று. இப்படித்தான் ‘துரோகம்’ நம் நாவுக்கு வந்தது.

இந்த வேர் இந்தியாவோடு நின்றுவிடவில்லை. இன்றைய ஈரானின் மேற்கே பெஹிஸ்தூன் என்ற மலையின் செங்குத்துப் பாறையில், கி.மு. 520ஐ ஒட்டிய ஆண்டுகளில், பாரசீகப் பேரரசன் தாரியஸ் தன் வெற்றிகளைப் பொறித்து வைத்தான். தனக்கு எதிராகக் கிளம்பிய ஒவ்வொருவனைப் பற்றியும் அவன் சொல்லும் குற்றம் ஒன்றுதான்: அவன் பொய் சொன்னான். தானே அரசன் என்று பொய் சொல்லி நாட்டைக் கிளப்பினான். அங்கே பொய்யைக் குறிக்கும் பழம்பாரசீகச் சொல் ‘த்ரௌக’. நம் ‘த்ரோஹ’வின் உடன்பிறப்பு அது. இன்றைய பாரசீகத்திலும் பொய்க்குப் பெயர் ‘துரூக்’ என்பதுதான். கலகக்காரனைப் பொய்யன் என்றே அழைத்த ஓர் அரசும், கொலையாளியைத் துரோகி என்று கல்லில் எழுதிய இன்னோர் அரசும் ஒரே வேரிலிருந்து சொல் எடுத்திருக்கின்றன.

தமிழுக்கு இந்தக் குற்றத்தைச் சொல்லத் தன் சொற்களும் இருந்தன. திருக்குறளில் ‘துரோகம்’ இல்லை. ‘உட்பகை’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ‘உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே’ என்று ஊரில் சொல்கிறோம். இரண்டகம் என்பதைப் பிரித்தால் இரண்டு அகம்: ஒரு மனம் முகத்தில், இன்னொரு மனம் உள்ளே. இவற்றோடு ‘காட்டிக்கொடுத்தல்’ சேரும். யூதாசின் செயலைச் சொல்லத் தமிழ் விவிலியம் எடுத்துக்கொண்ட சொல் அதுவே.

இந்தச் சொற்களை வரிசையாக வைத்தால் ஒன்று தெளிவாகும். உள்ளே இருப்பவன்தான் உட்பகை ஆகலாம். உண்டவன்தான் இரண்டகம் செய்யலாம். இருக்கும் இடம் தெரிந்தவன்தான் காட்டிக்கொடுக்கலாம். வெளியிலிருந்து படையெடுத்து வருகிறவன் எத்தனை கொடியவனானாலும் அவன் பகைவன். அவனைத் துரோகி என்று யாரும் சொல்வதில்லை. துரோகத்துக்கு முன்னால் ஓர் உறவு இருந்தாக வேண்டும். ஆகவே ஒருவரைத் துரோகி என்பவர், ‘உனக்கு என்னிடம் ஒரு கடமை இருந்தது’ என்று முதலில் நிறுவக் கடமைப்பட்டவர். சட்டத்தின் மொழியில் அந்தக் கடமைக்கு விசுவாசம் என்று பெயர். யாருக்கு விசுவாசம் என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் சொன்ன விடைதான் இந்தச் சொல்லின் வரலாறு.

பழைய விடைகள் பல. குருத்துரோகம், மித்திரத்துரோகம், சுவாமித்துரோகம் என்று வடமொழி நூல்கள் பிரித்தன. சோழர் காலக் கல்வெட்டுகளில் சிவத்துரோகி வருகிறான். கோயில் உடைமையில் கைவைத்தவனுக்கு அந்தப் பெயர். நாட்டுத்துரோகி, கிராமத்துரோகி என்பவர்களும் வருகிறார்கள். அரசன் ஒருவனுக்கு மட்டும் உரிய சொல்லாக அது இருக்கவில்லை. கடவுள், ஊர், நாடு, நண்பன் எனக் கடமை எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் துரோகமும் இருந்தது. இன்றும் அண்ணன் தம்பி பாகப்பிரிவினைச் சண்டையில் அந்தச் சொல் சர்வசாதாரணமாக வந்து விழுகிறதே, அது இந்தப் பழைய அகலத்தின் மிச்சம்.

அரசனுக்கு எதிரான துரோகத்துக்குத்தான் தண்டனை கொடியது. அரசைக் கைப்பற்ற நினைப்பவனையும், கோட்டையிலும் படையிலும் அதிருப்தியைத் தூண்டுகிறவனையும் தலையிலும் கையிலும் தீயிட்டுக் கொல்லச் சொல்கிறது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். பிராமணனுக்கு அந்தக் கொலைத் தண்டனை இல்லை. உடையார்குடிக் கல்வெட்டில் உயிர்த்தண்டனை பற்றி ஒரு சொல்லும் இல்லாததற்கு இதைக் காரணமாகக் காட்டும் அறிஞர்கள் உண்டு. பிரமாதிராஜன் என்பது பிராமண அதிகாரிகளுக்கு அரசு தந்த பட்டம். கொன்றவர்கள் அரசின் உள்ளே இருந்தவர்கள். உயிரை எடுக்காத அரசு, அந்த உயிர் வேரூன்றி நின்ற மண்ணை எடுத்தது. நிலம்தான் அன்று பதவி, நிலம்தான் பெயர், நிலம்தான் சபையில் உட்காரும் உரிமை. நிலம் போனால் குலம் ஊரில் இல்லை.

இது சோழநாட்டுக்கு மட்டும் உரிய கொடுமை என்று எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தில் 1351இல் மூன்றாம் எட்வர்டு காலத்தில் இராஜத்துரோகச் சட்டம் வந்தது. அரசனின் சாவை மனத்தால் எண்ணுவதே அதில் முதல் குற்றம். பெரிய துரோகம், சிறிய துரோகம் என்று இரண்டு வகையும் செய்தார்கள். வேலைக்காரன் எசமானைக் கொன்றாலும், மனைவி கணவனைக் கொன்றாலும் அது வெறும் கொலை ஆகாது, சிறிய துரோகம். வீட்டுக்குள் கணவன் ஓர் அரசன் என்று சட்டமே எழுதி வைத்திருந்தது. சிறிய துரோகம் 1828இல்தான் நீங்கியது.

பெரிய துரோகம் செய்தவனுடைய உயிரோடு அவன் ‘இரத்தமும்’ கெட்டுவிட்டதாக ஆங்கிலச் சட்டம் கருதியது. கெட்ட இரத்தத்தின் வழியே சொத்து இறங்காது. நிலம் அரசனுக்குப் போகும். மகனுக்கு எதுவும் இல்லை. தேம்ஸ் கரையும் கொள்ளிடக் கரையும் ஒன்றையொன்று கேளாமலே ஒரே முடிவுக்கு வந்திருந்தன. இதிலிருந்து முதலில் தெளிவாக விலகியது அமெரிக்க அரசியல் சட்டம். நாட்டுக்கு எதிராகப் போர் தொடுத்தல், எதிரிகளுக்கு உதவுதல் என்ற இரண்டு மட்டுமே துரோகம். வெளிப்படையான ஒரே செயலைப் பார்த்த இருவர் சாட்சி சொல்ல வேண்டும், அல்லது குற்றவாளி திறந்த நீதிமன்றத்தில் தானே ஒப்புக்கொள்ள வேண்டும். தண்டனை அவன் பிள்ளைகளின் இரத்தத்துக்கு இறங்கக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். அதை எழுதியவர்கள் எல்லோரும் சில ஆண்டுகளுக்கு முன்புவரை பிரிட்டன் அரசனின் கண்ணில் துரோகிகள். பட்டம் தாங்கிய தழும்பு அந்த வரிகளில் தெரிகிறது.

ஆங்கிலத்தில் துரோகத்தைக் குறிக்கும் ‘ட்ரீசன்’ என்ற சொல், ‘கையளித்தல்’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. மரபு என்று பொருள்படும் ‘ட்ரடிஷன்’ என்ற சொல்லுக்கும் அதுவே தாய். நம்முடைய ‘காட்டிக்கொடுத்த’லில் உள்ள அதே கொடுத்தல். தலைமுறைக்குக் கொடுத்தால் மரபு, எதிரிக்குக் கொடுத்தால் துரோகம்.

இனி 1870ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்த ஆண்டு இங்கிலாந்து நாடாளுமன்றம் துரோகத்துக்காகச் சொத்தைப் பறிக்கும் வழக்கத்தையும், கெட்ட இரத்தம் என்ற கோட்பாட்டையும் ஒழித்தது. அதே 1870இல் இந்தியாவில் தண்டனைச் சட்டத்துக்குள் ஒரு புதிய பிரிவு நுழைந்தது. அது 124அ. மெக்காலே 1837இல் எழுதிய வரைவில் இருந்து, 1860இல் சட்டமானபோது விடுபட்டுப்போன பகுதி அது. இந்தியாவில் சட்டப்படி நிறுவப்பட்ட அரசின்மீது விசுவாசமின்மையைத் தூண்டினால் ஆயுள்காலம் நாடுகடத்தல் வரை தண்டனை உண்டு என்றது அந்தப் பிரிவு. அதற்குத் தமிழில் ராஜத்துரோகம், ராஜநிந்தனை என்று பெயர் வைத்தார்கள். நாடுகடத்தலுக்குப் பெயர் தீவாந்தர சிட்சை.

திலகர்மீது 1897இல் நடந்த வழக்கில் பம்பாய் நீதிபதி ஸ்ட்ரேச்சி இந்தப் பிரிவை விளக்கினார். விசுவாசமின்மையைக் குறிக்க ஆங்கில மூலத்தில் உள்ள சொல்லுக்கு அன்பு இல்லாமை என்று பொருள் என்றார். அரசை நேசிக்காதிருக்கத் தூண்டுவதே குற்றமாயிற்று. கத்தியும் இல்லை, சதியும் இல்லை. மனத்தில் ஒரு வெற்றிடம் போதும். 1922 மார்ச் 18 அன்று அகமதாபாத் நீதிமன்றத்தில் நின்ற காந்தி, அன்பைச் சட்டத்தால் உண்டாக்க முடியாது என்று சொல்லிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்கு ஆறாண்டுத் தண்டனை.

நமக்கு நெருக்கமான வழக்கு 1908இல் நடந்தது. தூத்துக்குடியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்று, கடலில் சுதேசிக் கப்பல் விட்டு, மேடையில் தமிழில் பேசிய வ.உ.சிதம்பரம் பிள்ளையை மார்ச் 12 அன்று கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். தாம் பேசியதற்கு ஓர் ஆயுள், சுப்பிரமணிய சிவாவுக்குத் துணை நின்றதற்கு இன்னோர் ஆயுள் என்று இரண்டு தீவாந்தர சிட்சை. சிவாவுக்குப் பத்தாண்டு. மேல்முறையீட்டில் வ.உ.சி.யின் தண்டனை குறைந்தது. 1912 டிசம்பரில் வெளியே வந்தார். அதற்குள் கோவைச் சிறையில் செக்கிழுத்திருந்தார், கப்பல் கம்பெனி கலைந்துபோயிருந்தது, வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது.

தண்டனை பெற்றவர் ஒருவர்தான் என்று தீர்ப்பு சொல்லும். வ.உ.சி.யின் தம்பி மீனாட்சிசுந்தரம் அந்தச் செய்தியில் சித்தம் கலங்கியவர். மனைவி மீனாட்சி அம்மாள் மேல்முறையீட்டுக்காக அலைந்தவர். உடையார்குடி ஓலை உறவினரைப் பெயர் முறை சொல்லித் தண்டித்தது. புதிய சட்டம் அவர்களைக் குறிப்பிடவில்லை; ஆனாலும் அவர்கள் தப்பவில்லை. பிற்காலத்தில் சன்னதைத் திரும்பப் பெற உதவிய வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் நினைவாக வ.உ.சி. தம் மகன் ஒருவனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். வெள்ளையரை வெறுக்கத் தூண்டினார் என்று தண்டிக்கப்பட்ட ராஜத்துரோகியின் வீட்டுப் பிள்ளைக்கு வெள்ளைக்கார நீதிபதியின் பெயர். அவர் எதிர்த்தது எதை, எதை எதிர்க்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அந்தத் தண்டனைச் சட்டத்தில் அரசை எதிர்த்துப் பேசுவது 124அ என்றால், அரசை எதிர்த்துப் போர் தொடுப்பது 121 ஆக இருந்தது. உண்மையில் ஆங்கிலேயரின் ‘ட்ரீசன்’ என்ற குற்றத்துக்கு நேர் நின்றது இந்த 121தான். அதற்கு மரணம் அல்லது ஆயுள். 1860இல் எழுதியபோது அதோடு ‘சொத்து முழுவதும் பறிமுதல்’ என்றும் இருந்தது. இங்கிலாந்து 1870இல் தன் மக்களுக்கு விலக்கிய அந்தப் பறிமுதல், இந்தியருக்கு 1921 வரை நீடித்தது. அந்த ஆண்டுத் திருத்தத்தில்தான் பறிமுதல் போய் அபராதம் வந்தது. உடையார்குடியில் கல்லில் ஏறிய தண்டனை நம் சட்டப் புத்தகத்திலிருந்து இறங்கி நூறாண்டு சற்றுத்தான் கடந்திருக்கிறது.

121இன் பெரிய வழக்கு 1945 நவம்பரில் செங்கோட்டையில் தொடங்கியது. இந்திய தேசிய இராணுவத்தின் ஷா நவாஸ் கான், பிரேம் சகல், குருபக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவரும் குற்றவாளிக் கூண்டில். மலேயாத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழ்த் தொழிலாளர்கள் சேர்ந்த படை அது. எங்கள் விசுவாசம் பிரிட்டன் அரசனுக்கு இல்லை, எங்கள் நாட்டுக்கு என்பதே எதிர்த்தரப்பின் சாரம். தீர்ப்பு ஆயுள்காலம் என்று வந்தது. மக்கள் கொதித்தெழ, படைத்தலைவர் ஆக்கின்லெக் அதைத் தள்ளுபடி செய்தார். யாருக்கு விசுவாசம் என்ற கேள்விக்கு மக்கள் வேறு விடை சொல்லிவிட்டால், சட்டத்தின் கையில் சொல் மட்டுமே மிஞ்சும்.

சுதந்திரம் வந்தது. அரசியல் நிர்ணய சபையில் பேச்சுரிமைக்கு விலக்காக வரைவில் இருந்த ராஜத்துரோகம் என்ற சொல்லை 1948 டிசம்பரில் கே.எம்.முன்ஷியின் திருத்தம் நீக்கியது. 1950இல் சென்னை மாகாண அரசு ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழைத் தடுத்தபோது, ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை நினைவூட்டியே தடையை ரத்து செய்தது. ஆனால் தண்டனைச் சட்டத்தில் 124அ அப்படியே இருந்தது. 1962இல் கேதார்நாத் சிங் வழக்கில் அதைச் செல்லும் என்று வைத்துக்கொண்டே, வன்முறைக்கோ பொது ஒழுங்கின் குலைவுக்கோ தூண்டும் பேச்சுக்கு மட்டும் என்று நீதிமன்றம் சுருக்கியது. அன்பின்மை என்ற மனக்குற்றம் அன்றோடு சட்டத்தில் செத்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் நம் மொழியில் ஒன்று நடந்தது. அரசன் போய்விட்டான், ராஜத்துரோகம் என்று எழுதக் கூச்சமாக இருந்தது. செய்தித்தாள்கள் அதே 124அ பிரிவுக்குத் தேசத்துரோக வழக்கு என்று பெயரிட்டன. சட்ட வாசகத்தில் இருந்தது தேசம் அல்ல, ‘சட்டப்படி நிறுவப்பட்ட அரசு’. அரசு ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறக்கூடியது. தேசம் மாறாதது. மொழிபெயர்ப்பு என்று தோன்றாமலே ஒரு மொழிபெயர்ப்பு நடந்து, ஆட்சியைக் குறைகூறியவர் நாட்டுக்கே இரண்டகம் செய்தவராகிவிட்டார். கூடங்குளம் அணு உலைக்கு எதிராக இடிந்தகரையில் அமர்ந்த மீனவர்களும் பெண்களுமாக ஆயிரக்கணக்கானோர்மேல் இந்தப் பிரிவு பாய்ந்தபோது, அவர்கள் செய்ததாகச் செய்திகளில் வந்த சொல் தேசத்துரோகம். அணு உலையை வேண்டாம் என்பது தவறாகவே இருக்கட்டும். அது தேசத்தை யாருக்குக் காட்டிக்கொடுத்தது?

2022 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 124அ வழக்குகளை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடப்புக்கு வந்ததும் ராஜத்துரோகம் என்ற பழைய பிரிவு போனது. நாட்டின் இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாட்டுக்கு ஆபத்து விளைவிக்கும் செயல் என்ற 152ஆம் பிரிவு வந்தது. தண்டனை ஆயுள் அல்லது ஏழாண்டு வரை. செய்தித்தாள் முன்பே மாற்றிவிட்ட சொல்லைச் சட்டம் பின்னால் வந்து எட்டிப் பிடித்திருக்கிறது. அந்தப் பிரிவு செயலை அளக்குமா, மனத்தை அளக்குமா என்பதைப் பொறுத்தே அதன் பெயர் மாற்றத்துக்குப் பொருள் இருக்கும்.

சட்டத்துக்கு வெளியே இந்தச் சொல் இன்னும் கடுமையானது. அங்கே விசாரணை கிடையாது. எட்டப்பன் என்பது எட்டயபுரம் பாளையக்காரர்களின் பரம்பரைப் பட்டம். கட்டபொம்மனைப் பிடித்துக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டை. ஆனாலும் காட்டிக்கொடுப்பவனுக்கு ஊர் வைத்த பெயர் எட்டப்பன்; தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தின் பட்டப்பெயர் வசைச்சொல்லாக நடமாடுகிறது. இரத்தம் கெட்டது என்ற கோட்பாட்டை இங்கிலாந்து விட்டுவிட்டது, நம் பேச்சு விடவில்லை. பாரதி பிறந்த ஊரும் அதே எட்டயபுரம்தான்.

ஈழத்தில் அந்தச் சொல் உயிரையே எடுத்தது. 1975 ஜூலை 27 அன்று யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலில் சுடப்பட்டார். துரோகி என்பதே அவர்மேல் இருந்த பட்டம். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் மின்கம்பத்தில் கட்டிய உடலும் கழுத்தில் அந்த ஒரே சொல் எழுதிய அட்டையும் ஊர்கள் கண்ட காட்சி. குற்றச்சாட்டும் தீர்ப்பும் தண்டனையும் மூன்று எழுத்துக்குள் முடிந்தன. செத்தவரின் வீட்டார் வாய்விட்டு அழவும் முடியாமல் இருந்தார்கள். அழுதால் அவர்களும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுவார்கள்.

ஆயிரம் ஆண்டில் சட்டம் மெல்ல மெல்லச் சில படிகள் ஏறியிருக்கிறது. குலத்திலிருந்து தனி ஆளுக்கு வந்தது. எண்ணத்திலிருந்து செயலுக்கு வந்தது. செயலுக்குச் சாட்சி வேண்டும் என்றது, எதிர்வாதம் வேண்டும் என்றது. ஒவ்வொரு படியும் யாரோ ஒருவர் துரோகி என்ற பட்டத்தைச் சுமந்ததால் கிடைத்தது. மேடையிலும் செய்தியிலும் அந்தச் சொல்லை எடுத்து வீசும்போது நாம் அந்தப் படிகளை எல்லாம் ஒரே தாவலில் கீழே இறங்கி, உடையார்குடிச் சுவருக்கு முன்னால் போய் நிற்கிறோம்.

அந்தச் சுவரில் மலையனூரானின் தாய் இருக்கிறாள். இளவரசனின் கொலையில் அவளுக்குப் பங்கு உண்டு என்று கல் சொல்லவில்லை. அவள் நிலம் இருந்தது, போனது. அந்த நிலத்தின் விளைவில் கோயிலுக்கு வந்தவர்கள் தண்ணீர் குடித்தார்கள். யாரையாவது துரோகி என்று சொல்ல வாய் எழும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாளின் நினைவு வருகிறது. அவர் என்ன செய்தார், யார் பார்த்தார்கள், அவருடைய தாயை நான் என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டுக்கொள்கிறேன்.